ஸ்டெப்னி: சக்கரம் கழன்று வந்த கதை

நெடுஞ்சாலையில் ஒரு வேன் பஞ்சராகி நிற்கிறது. ஓட்டுநர் இறங்கி, டயரைக் காலால் ஓர் உதை உதைத்துப் பார்க்கிறார். வண்டியின் அடியில் தொங்கும் ஸ்டெப்னியை இறக்குகிறார். ஜாக்கி வைக்கிறார், நட்டுகளைக் கழற்றுகிறார், சக்கரத்தை மாற்றுகிறார். அரை மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிடுகிறது. உள்ளே இருப்பவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாகவே தெரிவதில்லை. டீ குடிக்கக் கிடைத்த நேரம், அவ்வளவுதான்.

ஆனால் 120 ஆண்டுகளுக்கு முன்பு இந்த வேலையைச் செய்யவே முடியாது. அன்றைய மோட்டார் வண்டியில் மாற்றுச் சக்கரமும் கிடையாது, ஓட்டுநர் சாலையோரத்தில் கழற்றக்கூடிய சக்கரமும் கிடையாது. சக்கரம் எப்படிக் கழன்று வரத் தொடங்கியது, கழன்று வரும் சக்கரத்தை மீண்டும் கழலாமல் மாட்டுவது எப்படி என்று மனிதர்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்பது சுவையான வரலாறு. இதில் முதல் பாதி சில ஆண்டுகளிலேயே முடிந்துவிட்டது. இரண்டாவது பாதிக்குப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

காற்றடைத்த டயரும் ஓயாத பஞ்சரும்

காற்றடைத்த டயருக்கு முதலில் காப்புரிமை பெற்றவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஆண்டு 1845. அப்போது மோட்டார் வண்டியும் இல்லை, இன்று நாம் அறிந்த சைக்கிளும் இல்லை. ஆகவே அந்தக் கண்டுபிடிப்பு மறந்துபோனது. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே மீண்டும் கண்டுபிடித்தார்.

மோட்டார் வண்டியில் இதைத் துணிந்து போட்டுப் பார்த்தவர்கள் பிரான்சின் மிஷெலின் சகோதரர்கள். 1895இல் பாரிசிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயத்தில் காற்றடைத்த டயர் மாட்டிய காரை ஓட்டினார்கள். மொத்த தூரம் ஏறத்தாழ 1200 கிலோமீட்டர். வழியில் அவர்கள் செலவழித்த டியூப்கள் 22! பந்தயத்தில் வெல்லவில்லை. ஆனால் இரும்புப் பட்டையும் கெட்டி ரப்பரும் மாட்டிய சக்கரங்களுக்கு இனி எதிர்காலம் இல்லை என்பதைக் காட்டிவிட்டார்கள்.

ஆனால் சாலைகள் அப்போது குதிரை வண்டிகளுக்கானவை. லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் எங்கும் கிடக்கும். சக்கரமோ குதிரை வண்டிச் சக்கரத்தைப் போன்ற மரச் சக்கரம், அச்சோடு நிலையாகப் பொருத்தப்பட்டது. பஞ்சரானால் சக்கரம் வண்டியிலேயே இருக்க, கடப்பாரை போன்ற நெம்புகோல்களால் டயரை நெம்பி எடுக்கவேண்டும். டியூபை உருவி, ஓட்டை தேடி, ஒட்டுப் போட்டு, மறுபடி உள்ளே திணித்து, கைப் பம்பால் காற்றடிக்கவேண்டும். மழையானாலும் இரவானாலும் அதேதான். வசதி படைத்தவர்கள் காரோட்டியை வைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். அவருக்கு ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, இந்தப் பாடும் தெரிந்திருக்கவேண்டும்.

லனெல்லி ஊரின் ஒரு தெரு

இங்கேதான் தமிழ்நாட்டு ஓட்டுநர்கள் தினமும் உச்சரிக்கும் ஒரு சொல் பிறக்கிறது.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெல்லி என்று ஓர் ஊர். தகரத் தகடு செய்வதற்குப் பெயர் போன தொழில் நகரம். அங்கே தாமஸ் மாரிஸ் டேவிஸ், அவருடைய சகோதரர் வால்டர் டேவிஸ் ஆகியோர் தொழில் நடத்திய தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. ஊரின் பழைய நிலவுடைமைக் குடும்பத்தின் பெயர் அது. 1904இல் தாமஸ் டேவிஸ் ஒரு மாற்றுச் சக்கரத்தை உருவாக்கினார். அதற்குத் தெருவின் பெயரே நிலைத்துவிட்டது.

உண்மையில் அந்த முதல் ஸ்டெப்னி முழுச் சக்கரமே அல்ல. ஆரங்களும் கிடையாது, குடமும் கிடையாது. வெறும் ரிம், அதன்மேல் காற்று நிரப்பித் தயாராக வைத்த டயர், சில கவ்விகள். பஞ்சரான சக்கரத்தை யாரும் கழற்றவில்லை. அதன் வெளிப்பக்கத்தில் இந்த வளையத்தைச் சேர்த்து வைத்து, கவ்விகளை ரிம்மின் விளிம்பில் மாட்டி இறுக்கிவிடுவார்கள். காற்று போன டயர் உள்ளே சும்மா இருக்க, வண்டி வெளிப்பக்க வளையத்தில் ஓடும். அதாவது டேவிஸ், சக்கரத்தைக் கழற்றுவது எப்படி என்ற கேள்விக்கு விடை தேடவில்லை. கழற்றாமலேயே வீடு போய்ச் சேருவது எப்படி என்று யோசித்தார்.

யோசனை நன்றாக விற்றது. லண்டன் டாக்சிகளில் பரவலாக இடம்பிடித்தது, கடல் கடந்தும் போனது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வந்த கார்களோடு அந்தப் பெயரும் வந்தது. பின்னால் முழு மாற்றுச் சக்கரங்கள் வந்து அந்த வளையம் வழக்கொழிந்தது. ஆனால் பெயர் போகவில்லை. இந்தியாவிலும் வங்காளதேசத்திலும் மால்ட்டாவிலும் மாற்றுச் சக்கரம் இன்றும் ஸ்டெப்னிதான். பிரேசில் நாட்டுப் போர்ச்சுகீசிய மொழியில் அது "எஸ்டெப்பி". பிறந்த பிரிட்டன் மண்ணில்தான் இந்தச் சொல்லைச் சொன்னால் பலருக்கு லண்டனின் ஒரு பேட்டை மட்டுமே நினைவுக்கு வரும்!

நாலு நிமிடத்தில் ஒரு வெற்றி

கழன்று வரும் சக்கரத்தின் அருமையை உலகுக்குக் காட்டியது ஒரு பந்தயம். 1906 ஜூன் 26, 27 தேதிகளில் பிரான்சின் லே மான்ஸ் நகருக்கு அருகே முதல் கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது. இரண்டு நாளில் 1200 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டவேண்டும். கடும் வெயில். தாரும் கல்லும் பறந்த சாலையில் டயர்கள் வரிசையாக வெடித்தன. விதியும் கடுமை. பழுது பார்க்க ஓட்டுநரும் அவரோடு உட்கார்ந்து வரும் மெக்கானிக்கும் தவிர வேறு யாரும் கை வைக்கக்கூடாது.

மிஷெலின் நிறுவனம் அந்தப் பந்தயத்துக்காகக் கழற்றக்கூடிய ரிம் ஒன்றைத் தயாரித்திருந்தது. டயரை நெம்பி எடுக்கவேண்டியதில்லை. நட்டுகளைத் தளர்த்தி, ரிம்மோடு டயரைக் கழற்றிவிட்டு, காற்றடைத்த டயர் ஏற்கனவே மாட்டிய வேறொரு ரிம்மைப் பொருத்தினால் போதும். கால் மணி நேரம் பிடித்த வேலை நாலு நிமிடத்துக்குள் முடிந்தது. ஆனால் ஒவ்வொரு ரிம்மும் கூடுதல் எடை. காரின் எடை 1000 கிலோவைத் தாண்டக்கூடாது என்ற விதி இருந்ததால் எல்லோராலும் அதைப் பயன்படுத்த முடியவில்லை. ரெனோ கார் தன் பின் சக்கரங்களில் அதை மாட்டியிருந்தது. வென்றவர் ரெனோ ஓட்டிய ஃபெரென்ஸ் சிஸ். ஹங்கேரியில் பிறந்த இவரும் ஒரு மெக்கானிக்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

சக்கரமே கழன்று வந்தது

அடுத்து ரிம் மட்டுமல்ல, சக்கரமே முழுதாகக் கழன்று வந்தது. இங்கிலாந்தில் ரட்ஜ்-விட்வொர்த் நிறுவனத்தின் ஜான் பியூ வடிவமைத்த கம்பிச் சக்கரம், பல்வரிசை போட்ட குடத்தின் மேல் செருகி, நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டால் இறுக்கப்பட்டது. இது எவ்வளவு வேகமான முறை என்பதற்கு ஒரு சான்று: 1908 பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் கழற்றும் சக்கரத்துக்குத் தடை விதித்தார்கள். கழற்றும் ரிம்முக்கு அனுமதி உண்டு, சக்கரத்துக்கு இல்லை!

பந்தயக் கார்களுக்கு ஒற்றை நட்டு பொருந்தியது. சாதாரண வண்டிகளுக்கு மலிவான வழி வேண்டும். இங்கிலாந்தின் ஜோசப் சாங்கி நிறுவனம் எஃகுத் தகட்டை அழுத்திச் சக்கரம் செய்தது. அதைக் குடத்தின் முகத்தில் வைத்துச் சில நட்டுகளால் இறுக்கினால் முடிந்தது. இன்றைய கார், வேன் சக்கரங்கள் இந்த வழியில் வந்தவையே.

எல்லோருக்கும் இது உடனே கிடைத்துவிடவில்லை. 1908இல் வெளிவந்து உலகையே மாற்றிய ஃபோர்டு மாடல் டி காரில் முதல் பத்தாண்டுகளுக்கு நிலையான மரச் சக்கரங்களே இருந்தன. கழற்றும் ரிம் 1919இல்தான் வந்தது. அதுவரை லட்சக்கணக்கான சாதாரண மக்கள் சாலையோரத்தில் மண்டியிட்டு டயரை நெம்பிக்கொண்டிருந்தார்கள்.

சரக்கு வண்டிகளின் கதை வேறு. அவை கெட்டி ரப்பர் டயரில் மெதுவாக உருண்டன. பஞ்சர் தொல்லை இல்லை, வேகமும் இல்லை. 1917இல் அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் காற்றடைத்த டயர் மாட்டிய லாரியை ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன் நகரிலிருந்து பாஸ்டனுக்கு அனுப்பியது. முதல் பயணத்துக்கு இரண்டு வாரங்களுக்கும் மேல் பிடித்தது. ஆனாலும் லாரியும் வேனும் வேகமெடுக்கும் காலம் அங்கே தொடங்கியது. வேகமும் பாரமும் சேர்ந்தபோது, சக்கரத்தைக் கழற்றுவதைவிடச் சரியாக மாட்டுவது பெரிய கேள்வியானது.

ஜாக்கியும் உருளும் வண்டியும்

ஒரு வண்டியின் கையேட்டில் சக்கரம் மாற்றும் பக்கத்தைப் பிரித்தால் வரிசையாகக் கட்டளைகள் இருக்கும். பலர் அவற்றை வெறும் சம்பிரதாயம் என்று தாண்டிப் போகிறார்கள். உண்மையில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது.

முதல் கட்டளை: சமதளத்தில் நிறுத்து, கைப் பிரேக் போடு, எதிர் மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ கொடு. "கியரில்தானே நிற்கிறது, எங்கே போகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு விடை 1820களில் பிரான்சின் ஒனெசிஃபோர் பெக்கர் உருவாக்கிய டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கர அமைப்பில் இருக்கிறது. திருப்பத்தில் இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல அது வழிசெய்கிறது. ஆனால் பின் சக்கர இழுவை உள்ள வேனில் ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினால், அதே அமைப்பு வேறு வேலை பார்க்கும். தூக்கிய சக்கரம் காற்றில் ஒரு பக்கம் சுழல, தரையில் உள்ள சக்கரம் மறுபக்கம் உருளலாம். கியர் பிடித்துக்கொண்டிருந்தும் வண்டி நகர்ந்து ஜாக்கியிலிருந்து விழும். கைப் பிரேக் சக்கரத்தில் அல்லாமல் கியர் பெட்டிக்குப் பின்னால் உள்ள தண்டில் பிடிக்கும் வண்டிகளிலும் இதே ஆபத்து உண்டு. கட்டை வைப்பது அதற்காகத்தான்.

இரண்டாவது கட்டளை: சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்து. தூக்கிய பிறகு முழு பலத்தோடு ஸ்பேனரை இழுத்தால், சக்கரம் சுழலும். அல்லது வண்டியே ஜாக்கியில் ஆடும்.

மூன்றாவது: வண்டிக்கு அடியில் போகாதே. கையடக்கமான ஹைட்ராலிக் ஜாக்கிக்கு 1851இல் நியூயார்க்கின் ரிச்சர்ட் டட்ஜன் காப்புரிமை பெற்றார். ஒரு மனிதன் கை அசைவில் டன் கணக்கில் தூக்க முடிந்தது. ஆனால் அந்த எடையைத் தாங்கி நிற்பது ஒரு சிறிய சீலுக்குள் அடைபட்ட எண்ணெய். சீல் போனால் வண்டி இறங்கும். ஜாக்கி தூக்குவதற்கான கருவியே ஒழியத் தாங்குவதற்கானது அல்ல. அனுபவமுள்ள ஓட்டுநர்கள் ஜாக்கிக்கு அடியில் பலகை வைப்பதும், கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியில் படுக்க வைப்பதும் இதனால்தான். வண்டி விழுந்தாலும் சக்கரத்தின் மேல் விழும். கையின் மேல் விழாது.

நட்டு எதைப் பிடிக்கிறது?

வண்டியின் எடை நட்டுகளிலும் போல்ட்டுகளிலும் தொங்குகிறது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். நட்டால் இறுக்கும் சாதாரணச் சக்கரத்தில் அப்படி இல்லை. நட்டை இறுக்கும்போது போல்ட் ரப்பர் போல மிகச் சிறிதளவு நீள்கிறது. அந்த இழுவிசை சக்கரத்தைக் குடத்தின் முகத்தோடு அழுத்துகிறது. அந்த இரண்டு முகங்களுக்கும் இடையிலான உராய்வுதான் பாரத்தில் பெரும் பகுதியைச் சுமக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 12 மில்லிமீட்டர் போல்ட்டில் நட்டை 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால், கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ நாலு டன் எடைக்குச் சமம். ஐந்து நட்டு என்றால் இருபது டன்! சிறிய காரின் மொத்த எடையே ஒரு டன்தான். இந்த அழுத்தம் குறையும்போதுதான் ஆபத்து. சக்கரம் மயிரிழை அளவு நகரத் தொடங்கும்.

அப்படி நகர்ந்தால் என்ன ஆகும் என்பதை 1969இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் சோதனை மூலம் காட்டினார். நட்டுகள் கழல்வதற்கு முக்கியக் காரணம், இறுக்கப்பட்ட பாகங்கள் பக்கவாட்டில் முன்னும் பின்னும் நழுவுவதுதான் என்று அவர் நிறுவினார். அந்த நழுவல் மரையின் உராய்வை இல்லாமல் செய்துவிடுகிறது. பிறகு யாரும் கை வைக்காமலே நட்டு தானாகச் சுழன்று வெளியேறுகிறது. போதிய அழுத்தம் இருந்தால் நழுவலும் இல்லை, கழல்வதும் இல்லை.

சக்கரம் மாட்டும் விதிகள் எல்லாம் இந்த அழுத்தத்தைக் காப்பாற்றுவதற்காகவே. குடத்தின் முகத்தில் துருவும் மண்ணும் இருந்தால் துடைத்தெடுக்கவேண்டும். இல்லையென்றால் ஓட ஓட அவை நசுங்கி, இறுக்கம் குறையும். தடித்த பெயிண்ட்டும் அப்படியே. கூம்பு வடிவ நட்டின் கூம்புப் பக்கம் சக்கரத்தை நோக்கி இருக்கவேண்டும். சக்கரத்தை நடு மையத்தில் உட்கார வைப்பது அந்தக் கூம்புதான். முதலில் எல்லா நட்டுகளையும் கையால் திருகவேண்டும். பிறகு அடுத்தடுத்து அல்லாமல், நட்சத்திரம் வரைவது போல எதிரெதிராக இறுக்கவேண்டும். வரிசையாக இறுக்கினால் சக்கரம் சாய்வாக உட்கார்ந்துவிடும். அப்போது நட்டு இறுகியது போலத் தோன்றும், நாலு கிலோமீட்டரில் தளர்ந்துவிடும். வண்டியை இறக்கியபின் கடைசி இறுக்கு. ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு முறை சரிபார்ப்பு.

அதிகமாக இறுக்கினால் நல்லதுதானே? இல்லை. 40 செ.மீ. ஸ்பேனரின் முனையில் 25 கிலோ பலம் கொடுத்தாலே 100 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். 70 கிலோ எடையுள்ளவர் அதன்மேல் ஏறி நின்றால் 270க்கும் மேல். போல்ட் அளவுக்கு மீறி நீண்டு, ரப்பரின் இழுவிசை போனது போல் ஆகிவிடும். அடுத்த முறை கழற்றும்போது ஒடியும், அல்லது ஓடும்போதே ஒடியும். மரையில் எண்ணெய் தடவுவதும் இதே கெடுதலைச் செய்யும். உராய்வு குறைந்துவிடுவதால், அதே பலத்துக்கு போல்ட் மிக அதிகமாக இழுபடும்.

இன்னொரு பழைய பொறியும் உண்டு. அமெரிக்காவின் கிரைஸ்லர் கார்களில் 1970 வாக்கில் வரையிலும், பல நாடுகளின் பழைய லாரிகளிலும் இடப்பக்கச் சக்கரத்துக்கு இடப்பக்க மரை போட்டார்கள். சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது நட்டு கழலும் திசையில் போகக்கூடாது என்பது எண்ணம். விவரம் தெரியாதவர் கழற்றுவதாக நினைத்துக்கொண்டு இறுக்கி, போல்ட்டையே ஒடித்துவிடுவார். போதிய அழுத்தம் இருந்தால் இந்த ஏற்பாடே தேவையில்லை என்பது பிறகு தெளிவானது.

ஒன்டாரியோவில் பறந்த சக்கரங்கள்

இத்தனையும் தெரிந்த பிறகும் சக்கரங்கள் கழன்றன. 1995இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் லாரிகளிலிருந்து கழன்று பறந்த சக்கரங்கள் மோதி, தனித்தனி விபத்துகளில் இரண்டு பேர் இறந்தார்கள். அவர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை. தங்கள் வண்டியில் போய்க்கொண்டிருந்தார்கள், அவ்வளவே. மக்கள் கொதித்தார்கள். 1997இல் அந்த மாநிலம் கடுமையான சட்டம் கொண்டுவந்தது. வணிக வாகனத்தின் சக்கரம் ஓடும்போது கழன்றால், "நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம்" என்று சொல்லித் தப்ப முடியாது. அபராதம் 50,000 டாலர் வரை போகலாம்.

சட்டம் கடுமையானதுதான். ஆனால் அது ஓர் உண்மையைச் சொல்கிறது. சக்கரம் மாற்றுபவர் தன் உயிரை மட்டும் கையில் வைத்திருக்கவில்லை. எதிரே வருபவரின் உயிரையும் வைத்திருக்கிறார்.

ஸ்டெப்னி இல்லாத வண்டி

இப்போது காலம் திரும்புகிறது. டியூப் இல்லாத டயரை அமெரிக்காவின் பி.எஃப்.குட்ரிச் நிறுவனம் 1940களில் உருவாக்கியது. ஆணி குத்தினாலும் அதில் காற்று மெல்லத்தான் இறங்கும். பல புதிய கார்களில் ஸ்டெப்னிக்குப் பதிலாகப் பசையும் சிறு காற்றுப் பம்பும் தருகிறார்கள். இந்தியாவில் 2020இல் வந்த விதித் திருத்தம், டியூப் இல்லாத டயர், பஞ்சர் ஒட்டும் சாதனம், காற்றழுத்தம் காட்டும் கருவி ஆகிய மூன்றும் இருந்தால் 3.5 டன் வரையிலான பயணிகள் கார்களில் ஸ்டெப்னி வைக்கத் தேவையில்லை என்று சொல்கிறது.

அதனால் சக்கரம் கழற்றும் வேலை ஒழிந்துவிடவில்லை. பிரேக் பார்க்கவும், டயர் மாற்றவும், பேரிங்கில் கிரீஸ் வைக்கவும் சக்கரம் கழன்றுதான் ஆகவேண்டும். மாறுவது ஒன்றுதான். கழற்றுபவர் பெரும்பாலும் பட்டறையில் காற்றழுத்தத் துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர், ஓட்டுபவர் அல்ல. நாலு விநாடியில் "டர்ர்ர்" என்று நட்டு இறுகிவிடுகிறது. எவ்வளவு இறுகியது என்று யாருக்கும் தெரிவதில்லை. நூறு கிலோமீட்டர் கழித்துச் சரிபார்க்கவேண்டும் என்பதும் பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

லனெல்லியின் டேவிஸ், சக்கரத்தைக் கழற்றாமலே தப்பிக்க வழி கண்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் யார் வேண்டுமானாலும் கழற்றலாம் என்று ஆக்கினார்கள். யார் வேண்டுமானாலும் மாட்டலாம் என்று மட்டும் இன்னும் ஆகவில்லை. அடுத்த முறை டயர் கடையிலிருந்து வண்டியை எடுக்கும்போது, நட்டு இறுக்கும் அளவு கையேட்டில் எவ்வளவு என்று பாருங்கள். மறுநாள் ஒரு ஸ்பேனரோடு ஐந்து நிமிடம் செலவழியுங்கள். செலவு அவ்வளவுதான்.